கட்டம் கட்டமா நிலக்கரிக் கழிவு மேடு கட்டித் தர்ற சேவை: எடுத்துப் பாத்தவங்க பக்கத்துல இருந்து ஒரு ரிவியூ

முதல்லயே முடிவ சொல்லிடறேன், 5க்கு 4 குடுப்பேன். நிலக்கரிய கழுவி பிரிக்கற வாஷரில இருந்து வர்ற ரிஜெக்ட் (ஒதுக்கின கழிவு), சுரங்கத்துக்குள்ள இருந்து வர்ற கல்லு, ஷேல் (களிமண் இறுகின பாறை), இதெல்லாம் போட்டு வைக்கிற மேட்ட ஒரே மூச்சா கொட்டிக்கிட்டே போகாம கட்டம் கட்டமா எழுப்புறதுக்கு டிசைன் போட்டு, சைட்ல எஞ்சினியர நிறுத்தி, மேடு வளர வளர அளந்து சொல்ற சேவை இது. எங்க சுரங்கத்துல எடுத்தோம், ரெண்டு கட்டம் முடிஞ்சு மூணாவதுக்கு வந்திருக்கு. கம்பெனி பேர் போடல, ஏன்னா குறை சொல்ற எடமும் இருக்கு, அதோட இந்த சேவைய தர்றவங்க பலபேர் இருக்காங்க, பேர விட எதக் கேட்டு வாங்கணும்ங்கறதுதான் படிக்கிறவங்களுக்கு உதவும்.

இந்த சேவைல நான் பாத்த பெரிய விஷயம் ஒண்ணுதான். நல்ல பிளான்னா எந்தக் கட்டத்துல வேலை நின்னாலும் அந்த மேடு அப்படியே தனியா நிக்கணும். சுரங்கம் நாளைக்கே மூடலாம், மார்க்கெட் விழலாம், கோர்ட்ல தடை வரலாம், வாஷரி ரிப்பேராகி மாசக்கணக்குல நிக்கலாம், அப்ப பாதில நிக்கிற மேடு யார் தலையிலயும் எறங்கக் கூடாது. நிறைய டிசைன்ல கடைசி வடிவத்துக்கு மட்டும் ஸ்டெபிலிட்டி கணக்கு, அதாவது சரியாம நிக்குமாங்கற கணக்கு போட்டு ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி (தாங்கற பலம் சரிய வைக்கற பாரத்த விட எத்தன மடங்குங்கற எண்) 1.5 வருதுன்னு காட்டிட்டு முடிச்சிருவாங்க, ஆனா இருபது வருஷம் அந்த மேடு கடைசி வடிவத்துல இருக்கவே இருக்காது, எப்பவும் ஏதோ ஒரு அரைகுறை வடிவத்துலதான் இருக்கும், ஆபத்தும் அந்த அரைகுறைலதான். இவங்க குடுத்த பிளான்ல ஒவ்வொரு கட்டத்தோட முடிவுக்கும், அது போக ஒவ்வொரு கட்டத்தோட நடுவுல இருக்கறதுலயே மோசமான வடிவத்துக்கும் தனித்தனியா கணக்கு இருந்துச்சு. இத பாத்துட்டுதான் கையெழுத்தே போட்டோம்.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னு புரியணும்னா பழைய முறை என்ன பண்ணும்னு தெரியணும். டம்பர் மேல போகும், ஓரத்துல நின்னு கொட்டும், டோசர் தள்ளும், சரக்கு தானா உருண்டு எங்க நிக்குதோ அதுதான் சாய்வு. உருளும்போது பெரிய கல்லு அடிவாரத்துக்கு போயிரும், பொடி மேலயே தங்கிரும். அடில கல்லு கல்லா இடைவெளியோட கெடக்கும், அது வழியா காத்து உள்ள போயி மேல ஏறும், சிம்னி மாதிரி. நிலக்கரித் துண்டும் பைரைட்டும் (இரும்பும் கந்தகமும் சேந்த தாது) கலந்த கழிவுல காத்து இப்படி ஓடினா தானா சூடாகும், சூடு வெளிய போக வழியில்லன்னா ஒருநாள் பத்திக்கும். உள்ள பத்தின மேட்ட அணைக்கிறது வருஷக்கணக்கு வேலை, தண்ணி ஊத்தினா நீராவி வெடிப்பு வேற. அதோட ஓரத்துல கொட்டின சரக்கு எந்த அழுத்தமும் இல்லாம அதோட இயற்கை சாய்வுலயே தொங்கிக்கிட்டு நிக்கும், கொஞ்சம் மழை, கொஞ்சம் அடிமண் இளக்கம், அவ்ளோதான் அதுக்கு வேணும்.

1966 அக்டோபர் 21 காலைல வேல்ஸ்ல அபெர்ஃபான் ஊர்ல நடந்தது இதுதான். மலைச்சரிவுல ஊத்து இருக்கற எடத்து மேல 1958ல ஏழாம் நம்பர் மேட்ட ஆரம்பிச்சாங்க, கீழ ஊத்து இருக்குன்னு ஊர்க்காரங்களுக்கு தெரியும், மேப்லயும் இருந்துச்சு, மேட்ட எங்க வைக்கலாம்னு யாரும் ஆராய்ச்சி பண்ணல. தண்ணி ஊறின கழிவு கூழாகி எறங்கி ஸ்கூல் மேல விழுந்து 144 பேர் செத்தாங்க, அதுல 116 பேர் குழந்தைங்க. அதுக்கப்புறம்தான் பிரிட்டன்ல கழிவு மேட்டுக்குன்னே 1969ல தனிச் சட்டம் வந்துச்சு. ரொம்ப பழசுன்னு நெனைக்காதீங்க, 2016 டிசம்பர் 29 அன்னிக்கு ஜார்கண்ட்ல லால்மாட்டியா ஓப்பன்காஸ்ட் (மேல இருந்து தெறந்து தோண்டற) சுரங்கத்துல ஓவர்பர்டன் டம்ப் (நிலக்கரிக்கு மேல இருந்த மண்ணையும் கல்லையும் கொட்டின மேடு) சரிஞ்சு 23 தொழிலாளிங்க போயிட்டாங்க. இந்த வேலைல இருக்கறவங்க ஒவ்வொருத்தரும் இந்த ரெண்டையும் படிச்சுட்டுதான் மேட்டுக்கு கீழ நிக்கணும்னு நான் நெனைக்கறேன்.

சரி சேவைக்கு வர்றேன். இருக்கறதுலயே பெஸ்ட் முதல் கட்டம், அதாவது அடித்தளம். ஒரு டன் கழிவு கூட விழறதுக்கு முன்னாடி நெறைய நாள் தரைலயே வேலை பாத்தாங்க. போர்ஹோல் போட்டாங்க, டெஸ்ட் பிட் தோண்டினாங்க, மழைக்காலத்துல ஒரு தடவ காஞ்ச காலத்துல ஒரு தடவன்னு நடந்து பாத்து எங்கெங்க ஈரம் கசியுதுன்னு ஆணி அடிச்சு மார்க் பண்ணாங்க. காஞ்ச காலத்துல மட்டும் சர்வே பண்ணிட்டு ஊத்து இல்லன்னு எழுதிக் குடுக்கற ரிப்போர்ட் நான் நிறைய பாத்திருக்கேன், அதனால இந்த ஒரு விஷயத்துக்கே எனக்கு இவங்க மேல மரியாதை வந்துச்சு. பழைய சுரங்க வாய் எதும் கீழ இருக்கான்னு பழைய பிளான் எல்லாம் கேட்டு வாங்கி ஒட்டிப் பாத்தாங்க, இது அவசியம், மூடின சுரங்க வாய் மேல மேடு கட்டினா ஒண்ணு தரை எறங்கும், இல்லன்னா காத்து அது வழியா மேட்டுக்குள்ள ஏறும்.

அப்புறம் செடி, வேர், மரக்கட்டை எல்லாம் சுத்தமா வழிச்சு எடுக்க வச்சாங்க. மேல்மண்ண தனியா ஒரு எடத்துல சேத்து அது கழுவிப் போகாம புல்லு போட வச்சாங்க, அந்த மண்ணுதான் பின்னாடி மேட்டுக்கு மேல போர்வையா வரப்போகுதுங்கறதால அத குப்பையா நடத்தக் கூடாது. இத நம்ம ஆளுங்களுக்கு புரிய வைக்கிறதுக்கே கொஞ்ச நாள் ஆச்சு, மண்ண எங்கயாச்சும் தள்ளிட்டா வேலை முடிஞ்சதுன்னு பழகினவங்க.

அண்டர்டிரெயின், அதாவது மேட்டுக்கு அடில தண்ணி வெளிய போக வைக்கிற வடிகால், அது பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும். ஊத்து இருந்த எடம், பள்ளத்தோட நடுவாட்டம், இங்கெல்லாம் கல்லு வச்சு வடிகால் கட்டி, சுத்தி ஃபில்டர் துணி போட்டு, அடிவாரத்துக்கு வெளிய கொண்டு வந்து விட்டாங்க. இதுக்கு கல்லு நாங்களே குடுக்கறோம், சுரங்கத்துல வர்றதே நிறைய இருக்குன்னு சொன்னோம். இவங்க அத எடுத்து தண்ணில ஊற வச்சு காய வச்சு திரும்ப ஊற வச்சு பாத்தாங்க, ஷேல் கல்லு பொறுபொறுன்னு உதிர்ந்து சேறாயிருச்சு. முடியாதுன்னுட்டாங்க. எங்க மேனேஜ்மெண்ட்டுக்கு கோவம்தான், வெளிய இருந்து கல்லு வாங்கணும்னா செலவு. ஆனா அந்த எஞ்சினியர் அசையவே இல்ல, வடிகால்ல வைக்கிற கல்லு தண்ணில கரையக் கூடாது, ஆசிட் விடக் கூடாது, மேட்டோட ஆயுசு முழுக்க அது மேல யாரும் திரும்ப கை வைக்க முடியாதுன்னு ஒரே பதில். இப்ப ரெண்டு கட்டம் மேல ஏறின பிறகும் வாய்க்கால்ல தண்ணி தெளிவா, ஒரே சீரா வருது, மழை பெய்ஞ்சா கூடுது, நின்னா குறையுது. கலங்கி வந்தாலோ மழை பெய்ஞ்சும் கூடாம இருந்தாலோ உள்ள ஏதோ தப்புன்னு அர்த்தம், இத வாரம் தவறாம பாத்து எழுதறதுக்கு ஒரு வாட்ச்மேனுக்கே சொல்லிக் குடுத்துட்டாங்க, வடிகால் வாய்ல அளவு தட்டு வச்சிருக்கு, குறிச்சு வச்சா போதும்.

இன்னொண்ணு, அடித்தளம் தயார் பண்ணும்போதும் அண்டர்டிரெயின் வைக்கும்போதும் இவங்க எஞ்சினியர் முழு நேரமும் அங்கயே இருந்தாரு, ஃபோட்டோவோட ரெக்கார்ட் இருக்கு. அமெரிக்கால விதியே இப்படித்தான், கட்டுற காலத்துல மூணு மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் இன்ஸ்பெக்ஷன், அது போக அடித்தளம், அண்டர்டிரெயின், மேல்வடிகால், கடைசி சமன்படுத்தறதுன்னு முக்கியமான நேரங்கள்ல கண்டிப்பா. மூடினதுக்கு அப்புறம் பாக்க முடியாத வேலை எதுவோ அத மூடறதுக்கு முன்னாடி பாத்தாகணும். நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் ஒப்பந்தத்துல இத எழுதி வாங்குங்க.

ரெண்டாவது, லிஃப்ட் லிஃப்டா, அதாவது அடுக்கு அடுக்கா போடறது. கீழ இருந்து மேல. டம்பர் கொட்டின குவியல டோசர் பரப்பி ரோலர் ஓட்டி அடுத்த லிஃப்ட். அமெரிக்க விதில ஒரு லிஃப்ட் 2 அடி, அதாவது சுமார் 60 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது, வெளிச் சாய்வு 2 கிடைக்கு 1 செங்குத்து, கிட்டத்தட்ட 27 டிகிரி, அதுக்கு மேல செங்குத்தா வேணும்னா 1.5 சேஃப்டி ஃபேக்டர் இருக்குன்னு டேட்டாவோட நிரூபிக்கணும். இந்தியாவுல நிலக்கரிச் சுரங்க விதி சாய்வு 37.5 டிகிரிய எந்த நிலைலயும் தாண்டக் கூடாதுங்குது, 30 மீட்டருக்கு மேல உயரம் போனா பெஞ்ச் (படி மாதிரி தட்டு) வெட்டணும், மொத்தச் சாய்வு 1.5 கிடைக்கு 1 செங்குத்து. ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா எது அடர்த்தியா அழுத்திக் கட்டறவங்களுக்கு எழுதினது, எது கொட்டி வைக்கிறவங்களையும் மனசுல வச்சு எழுதினதுன்னு தெரியும். இவங்க டிசைன் மெதுவான சாய்வுதான் எடுத்துச்சு, எடம் அதிகம் சாப்பிடும், ஆனா அந்த சாய்வுலதான் பின்னாடி மண்ணு நிக்கும், புல்லு பிடிக்கும், அதனால எனக்கு அதுல மாத்துக் கருத்து இல்ல.

அழுத்தம் சரியா இருக்கான்னு ப்ராக்டர் டெஸ்ட்டோட (அதே சரக்கு லேப்ல இடிச்சா அதிகபட்சம் எவ்ளோ இறுகும்னு பாக்கற டெஸ்ட்) ஒப்பிட்டு பாக்கறாங்க, ஸ்பெக்ல அதுல 95 சதவீதம். ஈரம்தான் இங்க எல்லாமே. ரொம்ப காஞ்சிருந்தா எத்தன தடவ ரோலர் ஓட்டினாலும் இறுகாது, ரொம்ப ஈரமா இருந்தா மெத்தை மாதிரி அமுங்கி எழும்பும், நடுவுல ஒரு அளவு இருக்கு, அந்த அளவுக்கு கொண்டு வர தண்ணி லாரி வேணும், இல்ல பரப்பி காய விடணும். நிறைய எடத்துல டம்பர் ஓடற பாரமே போதும் ரோலர் எதுக்குன்னு கேப்பாங்க. டம்பர் ஓடற பாதைல இறுகும், உண்மைதான், ஆனா டம்பர் ஓரத்துக்கு போகாது, போகவும் கூடாது, அந்த ஓரம்தான் வெளிச் சாய்வு, காத்து நுழையற எடமும் அதுதான், அரிக்கற எடமும் அதுதான். இவங்க ஓரத்த ஒரு மீட்டர் அதிகமா பரப்பி இறுக்கிட்டு அப்புறம் வெட்டி சரி பண்ண வச்சாங்க, அந்த ஐடியா எனக்கு ரொம்ப புடிச்சுது.

இப்ப இந்த சேவையோட உயிர்நாடி, நிறுத்தற இடங்கள். எங்க தளத்துல ஒரு பக்கம் அடியில களிமண். களிமண் மேல வேகமா பாரத்த ஏத்தினா பாரத்த முதல்ல அதுக்குள்ள இருக்கற தண்ணிதான் வாங்கும், தண்ணில உராய்வு கெடையாது, அதனால பாரம் கூடும் ஆனா பலம் கூடாது. கொஞ்சம் ஏத்திட்டு காத்திருந்தா தண்ணி மெதுவா வெளியேறும், களிமண் இறுகும், அடுத்த பாரத்த தாங்கற பலம் அதுக்கு வரும். கட்டம் கட்டமா கட்டறதோட அடிப்படையே இதுதான், வெறும் வேலைய பிரிச்சுக்கறது இல்ல. இவங்க அடியில பீசோமீட்டர் (மண்ணுக்குள்ள இருக்கற தண்ணியோட அழுத்தத்த அளக்கற கருவி) பொதச்சு வச்சாங்க. எவ்ளோ நாள் காத்திருக்கணும்னு காலண்டர்ல எழுதல, அழுத்தம் இந்த அளவுக்கு கீழ எறங்கின பிறகுதான் அடுத்த லிஃப்ட்னு எழுதினாங்க. மஞ்சள் அளவு வந்தா வேகத்த குறை, சிவப்பு வந்தா அந்தப் பக்கம் நிறுத்து, யார் யாருக்கு ஃபோன் போகணும், யார் சொன்னா திரும்ப ஆரம்பிக்கலாம், எல்லாம் ஒரே தாள்ல, ஷிஃப்ட் ஆபீஸ் செவுத்துல ஒட்டியிருக்கு.

காகிதத்துல இது எல்லாருக்கும் அழகாதான் இருக்கும், வாஷரி ஓடிக்கிட்டிருக்கு ரிஜெக்ட் வந்துக்கிட்டே இருக்கு பங்கர் நெறைஞ்சிருச்சு டம்பர் வரிசைல நிக்குதுன்னு ராத்திரி ஷிஃப்ட்ல ஒருத்தர் கத்தும்போதுதான் பிளானோட தரம் தெரியும். இவங்க பிளான்ல எப்பவும் ரெண்டு எடம் தெறந்திருக்கும், களிமண் பக்கம் நின்னா பாறை பக்கம் கொட்டலாம், பாதையும் முன்னாடியே போட்டு வச்சிருக்கும். அதனால நிறுத்துன்னு சொல்றதுக்கு யாரும் பயப்படல. ஒரு தடவ மஞ்சள் வந்துச்சு, ஷிஃப்ட் இன்சார்ஜ் அண்ணன் யாரையும் கேக்காம வண்டிங்கள அடுத்த பக்கம் திருப்பிட்டாரு, காலைல வந்து பாத்தா உற்பத்தி ஒரு மணி நேரம் கூட நிக்கல. பாதுகாப்புக்காக வேலைய நிறுத்துங்கன்னு சொல்றவங்க கொட்டறதுக்கு வேற எடத்தையும் காட்டணும், காட்டலன்னா அந்த அறிவுரை ராத்திரி பத்து மணிக்கு மேல செல்லுபடியாகாது. டிசைன் கம்பெனிங்க நிறையபேர் இத யோசிக்கறதே இல்ல, இவங்க யோசிச்சாங்க.

இனி குறை. பெரிய குறை ரெண்டு.

முதல் குறை, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல இருக்கற தற்காலிக வடிகால். கடைசி வடிகால் எல்லாம் அருமையா டிசைன் பண்ணியிருக்காங்க, பெஞ்ச் எல்லாம் உள்பக்கமா சாஞ்சு தண்ணிய வாய்க்காலுக்கு தள்ளும், அங்க இருந்து கல்லு பதிச்ச இறக்கம் வழியா கீழ குளத்துக்கு, மேல இருந்து வர்ற காட்டுத்தண்ணிய மேட்ட தொடாம சுத்தி விடற வாய்க்கால் 100 வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற 6 மணி நேர மழைய தாங்கற அளவுக்கு. ஆனா முதல் கட்டம் முடிஞ்சு ரெண்டாவது பாதில இருக்கும்போது மேல் தளத்துல விழற மழை எங்க போகும்ங்கறதுக்கு வரைபடத்துல ஒரு அம்புக்குறி மட்டும்தான் இருந்துச்சு. பெரிய மழைல அந்த அம்புக்குறி எடத்துல வாய்க்கால் பொங்கி தண்ணி நேரா வெளிச் சாய்வு மேல எறங்கி ஆள் எறங்கற ஆழத்துக்கு அரிச்சிருச்சு. மேட்டோட ஸ்திரத்தன்மைக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அரிச்ச சரக்கு எல்லாம் வண்டல் குளத்துல போயி நெறைஞ்சு தூர் வார வேண்டி வந்துச்சு, அப்ப போட்டிருந்த மண்ணும் புல்லும் போச்சு. கேட்டதும் வந்து பாத்தாங்க, திருத்தி வரைஞ்சும் குடுத்தாங்க, ஆனா எந்த நிலைலயும் தனியா நிக்கணும்னு ஸ்டெபிலிட்டிக்கு யோசிச்ச அதே மூளை தண்ணிக்கும் யோசிச்சிருக்கணும். மேல் தளத்துல தண்ணி தேங்கவும் கூடாது, வெளிச் சாய்வு மேல கட்டுப்பாடில்லாம எறங்கவும் கூடாது, இது ரெண்டும் இந்தத் தொழில்ல முதல் பாடம்.

ரெண்டாவது குறை இதவிட பெருசு, பொடிச் சரக்கு. வாஷரில இருந்து கல்லு மட்டும் வர்றதில்ல, ஸ்லரியும் (பொடி கலந்த கூழ்த்தண்ணி) வருது, அத ஃபில்டர் பிரஸ்ல (தண்ணிய பிழியற மெஷின்) பிழிஞ்சு கேக்கா, அதாவது ஈரக் கட்டியா ஆக்கி அதையும் மேட்டுலதான் போடறோம். தனி அணை கட்டி ஸ்லரிய தேக்கறத விட இது எவ்ளவோ மேல், 1972 பிப்ரவரி 26 அன்னிக்கு வெஸ்ட் வர்ஜீனியால பஃபலோ கிரீக்ல கழிவால கட்டின அணை உடைஞ்சு 125 பேர் போன கதைய படிச்சவங்களுக்கு ஏன்னு சொல்லவே வேண்டாம். ஆனா பிழிஞ்ச கேக்கும் ஈரம்தான், வழவழன்னு இருக்கும், பலம் கம்மி, தண்ணியயும் விடாது. பிளான்ல என்ன எழுதியிருக்குன்னா இந்தப் பிழிஞ்ச கேக்க கல்லுச் சரக்கோட கலந்து உள்பக்க மண்டலத்துல போடணும், வெளி ஓரத்துல போடக் கூடாதுன்னு. சரிதான். எப்படி கலக்கறது? எந்த விகிதம் வரைக்கும்? பிரஸ் சரியா ஓடாத அன்னிக்கு கேக் கூழா வந்தா என்ன பண்றது? மழை நாள்ல? இதுக்கு பதிலே இல்ல, சைட்ல முடிவு பண்ணுங்கன்னு ஒரு வரி. சைட்ல இருக்கற ஃபோர்மேன் அண்ணன்தான் ஒரு லோடு கேக்குக்கு எத்தன லோடு கல்லுன்னு கண்ணால பாத்து பாத்து ஒரு முறை உருவாக்கினாரு, கூழா வர்ற அன்னிக்கு தனியா ஒரு தொட்டில காய வைக்கலாம்னும் அவருதான் சொன்னாரு. அது நல்லா வேலை செய்யுது, ஆனா அது டிசைனர் பண்ண வேண்டிய வேலை, லேப்ல வேற வேற விகிதத்துல கலந்து பலம் பாத்து சொல்ல வேண்டிய வேலை. நாலு ஸ்டார்ல நின்னதுக்கு காரணம் இதுதான்.

நெருப்பு விஷயத்துல திருப்தி. லிஃப்ட் மெலிசா இறுக்கமா இருக்கறதே பாதிப் பாதுகாப்பு. மரக்கட்டை, எண்ணெய்த் துணி, கன்வேயர் பெல்ட் துண்டு, டயர் எதுவும் மேட்டுல போடக் கூடாதுன்னு கட்டாயமா நிறுத்தினாங்க, முன்னாடி எல்லாம் மேடுதான் குப்பைத்தொட்டி. ட்ரோன்ல தெர்மல் கேமரா வச்சு பாக்கறாங்க, விடியறதுக்கு முன்னாடி எடுத்தாதான் வெயில் சூடு குழப்பாது. எங்கயாச்சும் ஆவி, கந்தக வாசன, செடி மட்டும் தனியா கருகறதுன்னா உடனே சொல்லணும்னு டோசர் ஓட்டறவங்களுக்கு வகுப்பே எடுத்தாங்க.

ஆசிட் தண்ணி பத்தி சுருக்கமா. கழிவுல இருக்கற பைரைட் எவ்ளோ ஆசிட் விடும், அதே கழிவுல இருக்கற சுண்ணாம்பு எவ்ளோவ தணிக்கும்னு கணக்கு போட்டு, பத்தாத எடத்துல சுண்ணாம்புக்கல் பொடி கலந்தாங்க. அடிவாரத் தண்ணியோட பிஎச் தவறாம பாக்கறாங்க, இது வரைக்கும் பிரச்சன இல்ல, ஆனா ஆசிட் ரொம்ப வருஷம் கழிச்சும் ஆரம்பிக்கும்ங்கறதால இதுக்கு இப்பவே மார்க் போட மாட்டேன்.

மூடறது. கட்டம் கட்டமா பண்றதுல கண்ணுக்கு தெரியற லாபம் இதுதான். கீழ் பெஞ்ச் கடைசி வடிவத்துக்கு வந்ததும் மேல வேலை நடந்துக்கிட்டே இருக்கும்போதே கீழ மண்ணு போட்டு புல்லு வெதச்சிட்டாங்க. அமெரிக்க விதிப்படி 4 அடி, அதாவது சுமார் 1.2 மீட்டர் நல்ல மண்ணு, எரியாத, விஷமில்லாத மண்ணு மேல வரணும், அதவிட கம்மியா போடணும்னா தாவரம் பிடிக்கும்னு ஆய்வோட காட்டணும். எங்க மேட்டோட கீழ் பாதி இப்ப பச்சையா இருக்கு, காத்தடிச்சா தூசி பறக்கறது நல்லாவே கொறைஞ்சிருக்கு, கீழ குடியிருக்கறவங்களே வந்து சொன்னாங்க. கடைசில மொத்தமா மூடிக்கலாம்னு விட்டா கடைசில கையில காசும் இருக்காது ஆளும் இருக்க மாட்டாங்க, உலகம் முழுக்க அனாதையா கெடக்கற கழிவு மேடுங்க எல்லாம் அப்படி விட்டதுதான். செலவுன்னு பாத்தா முதல் கட்டத்துல அதிகமாதான் போகும், மறைக்கல, ஆனா மூடற செலவு வருஷா வருஷம் பிரிஞ்சு போயிருது, மண்ண ரெண்டு தடவ அள்ள வேண்டியதில்ல.

ஆளுங்க எப்படின்னா, சைட்ல இருக்கற எஞ்சினியர் தம்பி அருமை. டிரைவருங்களோட பேசுவாரு, ஏன்னு சொல்லுவாரு. ரோலர் ஓட்டற ஒருத்தர் ஒரு எடத்துல தரை வித்தியாசமா அமுங்குதுன்னு சொன்னதும் அடுத்த லிஃப்ட் போடாம அங்க தோண்டிப் பாத்தாரு, கூழா வந்த கேக் ஒரு லோடு உள்ள மாட்டியிருந்துச்சு, எடுத்துட்டு திரும்ப போட்டாங்க. ஆபீஸ்ல இருக்கறவங்க அந்த அளவு இல்ல, மாச ரிப்போர்ட் லேட்டா வரும், கிராஃப் நிறைய, இந்த மாசம் நாங்க என்ன மாத்தணும்ங்கற ஒரு பக்கம் மட்டும் கடைசில எங்கயோ இருக்கும். பீசோமீட்டர் ரீடிங் எங்களுக்கும் நேரா தெரியற மாதிரி லாகின் கேட்டோம், குடுக்க இழுத்தடிச்சு அப்புறம் குடுத்தாங்க. மேட்டுக்கு கீழ வேலை பாக்கறவங்களுக்கு அந்த எண்ண உடனே பாக்க உரிமை இருக்கு, இத முதல் நாளே ஒப்பந்தத்துல போட்டிருங்க.

யார் எடுக்கலாம்னா, மேட்டோட அடியில களிமண்ணு, ஊத்து, சரிவான தரை எது இருந்தாலும் இது இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம். ஏற்கனவே பாதி கொட்டின பழைய மேடு வச்சிருக்கறவங்களும் கூப்பிடலாம், ஆனா பழைய மேட்டுக்கு அடில வடிகால் வைக்க முடியாது, சாய்வ குறைச்சு அடிவாரத்துல பாரம் வச்சு தாங்கல் குடுக்கறதுதான் முக்கால்வாசி வேலையா இருக்கும், அது வேற வகை சேவை, அத தனியா விலை கேளுங்க. பேச்சு வார்த்தைல டிசைனர்கிட்ட இத மட்டும் விடாம கேளுங்க: ஒவ்வொரு கட்டத்தோட நடு நிலைக்கும் ஸ்டெபிலிட்டி கணக்கும் மழைத்தண்ணிக் கணக்கும் தனித்தனியா வேணும், பொடி கலக்கற விகிதத்துக்கு லேப் ரிசல்ட் வேணும், நிறுத்தற அதிகாரம் ஷிஃப்ட்ல இருக்கறவங்களுக்கு எழுத்துல வேணும், மாத்து எடம் எப்பவும் தெறந்திருக்கணும்.

மூணாவது கட்டத்துக்கும் இவங்களையேதான் கூப்பிட்டிருக்கோம். இந்த தடவ தற்காலிக வடிகால் வரைபடம் மழைக்காலத்துக்கு முன்னாடி கைக்கு வரணும், கேக் கலவை டெஸ்ட்ட எங்க ஃபோர்மேன் அண்ணன கூட வச்சு லேப்ல பண்ணணும்னு தனி ஷரத்தாவே சேத்திருக்கோம், அவங்களும் ஒத்துக்கிட்டு சாம்பிள் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.